கமலக்கண்ணன் கேட்ட நீலம்

2005 ஜூன் மாதம் ஆரணி ஜோதி ஸ்டுடியோவுக்கு டிஜிட்டல் கேமரா வந்தபோது, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் பிரிஸில்லாதான். பதினோரு வருஷம் ஃபிலிமோடு மாரடித்தவள். சுருளின் நுனி கேமராவுக்குள் சரியாகக் கவ்வாமல் போனதால், ஒரு சீமந்தம் முழுவதையும் காற்றில் எடுத்துவிட்டு வந்து நின்றிருக்கிறாள். வேலூர் கலர் லேபில் கொடுக்கச் சொல்லிக் காலை பஸ்ஸில் அனுப்பிய ரோல், கண்டக்டர் மறந்துபோனதால் அவர் சட்டைப்பையிலேயே மூன்று நாள் வேலூருக்கும் ஆரணிக்கும் போய் வந்திருக்கிறது. பாஸ்போர்ட் படம் கழுவுகிற இருட்டறையின் மருந்து வாடை தலைமுடியில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைச் சுருக்குவார்கள். ஆகவே, "இனிமே ரோல் வேணாம், லேப் வேணாம், கழுவுற வேலையும் வேணாம் மேடம்" என்று கேமரா விற்க வந்தவர் சொன்னதும், இருட்டறையில் தொங்கிய கறுப்புத் துணியை அன்றைக்கே கழற்றித் துவைத்து, வீட்டு ஜன்னலுக்குத் திரையாகப் போட்டுவிட்டாள்.

அவளுக்குச் சொந்த ஊர் தேசூர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கல்யாணமாகி ஆரணிக்கு வந்தவள். கணவன் பிலிப் கூட்டுறவு வங்கியில் கிளார்க். எதற்கும் குரலை உயர்த்தாதவன். அவன் உயர்த்தாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் இவள் செலவழிக்கிறாள் என்று மாமியார் சொல்வார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஜோதி ஸ்டுடியோவில் கவர்களின்மேல் பெயர் எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். நெசவாளர் வீடுகளில் மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் ஆண் போட்டோகிராபரை உள்ளே விட யோசிப்பார்கள். கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். இரண்டு மூன்று முறை காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிய முதலாளி, நாலாவது முறை கேமராவை பிரிஸில்லாவின் கையில் கொடுத்து அனுப்பினார். அவள் போனால் பெண்கள் மிரளாமல் நின்றார்கள். பிறகு பெண்கள் விசேஷம் என்றாலே அவளைத்தான் கேட்டார்கள். 1999இல் முதலாளி பெங்களூருக்கு மகள் வீட்டோடு போனபோது, கடையை இவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஜோதி என்பது முதலாளியின் மனைவி பெயர். மாற்றிவிடலாமா என்று பிலிப் கேட்டான். கரண்ட் கனெக்‌ஷன் அந்தப் பெயரில்தான் இருக்கிறது, அதை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக யார் அலைவது என்று கேட்டு, அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டாள்.

ஃபிலிம் காலத்தில் அவளுக்கு ஓர் அதிகாரம் இருந்தது. அப்போது அது அவளுக்கே தெரியாது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம், ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். அதனால் அவள் "இங்க பாருங்க" என்று சொன்னால், மாப்பிள்ளையின் பெரியப்பாவிலிருந்து மடியில் இருக்கும் குழந்தைவரை எல்லோரும் பார்ப்பார்கள். கண் மூடினால் மூடியதுதான். ஆல்பம் வந்தபின், "நான் இப்டியா கீறேன்?" என்று யாராவது கேட்டால், "பின்ன எப்டி கீற?" என்று கேட்டுவிடுவாள். ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

புதுக் கேமராவின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை இருந்தது. வினை அதிலிருந்துதான் ஆரம்பித்தது. முதல் மாதம் அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது மாதம் கோட்டைத் தெருவில் ஒரு வளைகாப்பில், கர்ப்பிணிப்பெண் "யக்கா, காட்டேன்" என்று கையை நீட்டினாள். பிரிஸில்லா பெருமையோடு காட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். "கண்ணு சின்னதா கீது, இன்னொண்ணு எடேன்" என்றாள் அந்தப் பெண். எடுத்தாள். பிறகு அம்மாக்காரி பார்த்தாள், நாத்தனார் பார்த்தாள், எதிர்வீட்டு அம்மா கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். ஆளாளுக்கு ஒரு குறை. வளையல் போட வந்தவர்கள் வரிசையில் நின்றபடி, போட்டோ முடியட்டும் என்று காத்துக்கிடந்தார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் இந்தச் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஜோதி ஸ்டுடியோவில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிடிக்காததை அழித்துவிடலாம், மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சரி பண்ணிவிடலாம். "ஒரு பட்டன்தானேம்மா" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கறுத்த மாப்பிள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்க வேண்டும். குடும்பப் படத்தில் செத்துப்போன தாத்தாவை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அதே படத்திலிருந்து, போன வாரம் சண்டை போட்டுக்கொண்டு போன மருமகளை எடுத்துவிட வேண்டும். எடுத்தாயிற்று என்று கூப்பிட்டுச் சொன்னால், அதற்குள் சமாதானம் ஆகியிருக்கும்; திரும்பச் சேர்க்க வேண்டும்.

இதற்காகவே கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, காலேஜ் போகிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து போட்டோஷாப் படித்தாள். படிக்கப் படிக்கத்தான் ஒன்று புரிந்தது. படத்தின் நிறத்தைச் சரிபார்க்கிற வேலையை இத்தனை நாளும் வேலூர் லேபில் யாரோ ஒருவர் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவர் முகத்தைக்கூட இவள் பார்த்ததில்லை. மஞ்சளடித்ததை இறக்கி, பச்சையடித்ததைத் திருத்தி, ஒழுங்காக்கி அனுப்பியிருக்கிறார். இப்போது அந்த ஆளும் அவளேதான். கழுவுகிறவளும் அவள், நிறம் பார்க்கிறவளும் அவள், செத்தவர்களை எழுப்புகிறவளும் அவள்.

"வேலை கொறையும்னு சொல்லி வாங்கினோம், இல்லீங்க?" என்று பிலிப்பிடம் கேட்டாள்.

"கொறைஞ்சிடுச்சே" என்றான் பிலிப். "லேப்காரனுக்கு."

அந்த வாரம் முழுக்க அவனுக்குக் குழம்பில் உப்பு சரியில்லை.

கமலக்கண்ணன் வந்தது 2006 டிசம்பரில். ஆரணி கொசப்பாளையத்துப் பட்டு வியாபாரி. ஊரிலும் பக்கத்துச் சேவூரிலும் நாற்பது தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்து, புடவை நெய்து வாங்குகிறவர். அதுவரை புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு விஜயவாடா, ஹூப்ளி என்று கடை கடையாக ஏறி இறங்கியவர். யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: எல்லாப் புடவையையும் படம் எடுத்து சிடி போட்டு அனுப்பினால், கடைக்காரர்கள் பார்த்து அவர்களே ஆர்டர் சொல்வார்கள், அலைய வேண்டியதில்லை.

இருநூறு புடவைகளோடு வந்தார். மூன்று நாள் எடுத்தாள். அதில் அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. புடவை கண்ணை மூடாது, தன்னைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டாது. கஷ்டம் நாலாவது நாள் வந்தது. நிறம் சரி பார்ப்பதற்காக அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது, கமலக்கண்ணன் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணா. முடிச்சிட்டுச் சொல்லி அனுப்பறேன்."

"பரவால்லம்மா. எனக்கு வேற வேலை இல்ல."

மாம்பழ மஞ்சள் வெளுத்திருக்கிறது என்றார். சரி செய்தாள். அரக்கு செங்கல் மாதிரி இருக்கிறது என்றார். அதுவும் நியாயம்தான், சரி செய்தாள். இப்படியே எழுபது எண்பது புடவை தாண்டியபின் மயில்கழுத்துப் புடவை வந்தது.

மயில்கழுத்து என்பது ஒரு நிறம் இல்லை. நீளவாக்கில் பாவில் ஓடுவது நீல நூல், குறுக்கே ஊடையில் போவது பச்சை நூல். இப்படிப் பிடித்தால் நீலம், கொஞ்சம் திருப்பினால் பச்சை, மடிப்பில் இரண்டுக்கும் நடுவில் பெயரில்லாத ஒன்று. பெண்கள் அதை விரும்பிக் கட்டுவதே அதற்காகத்தான். நெய்தவள் சேவூர் பாஞ்சாலை. கமலக்கண்ணனிடம் பாவு வாங்குகிறவர்களில் புடவையின் உடலும் கரையும் சேரும் இடத்தைப் பிசிறில்லாமல் கோர்ப்பதற்குப் பெயர்போனவள். கேமராவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? ஒரு பக்கமாக விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தது. பச்சை என்று முடிவு கட்டிவிட்டது.

"இன்னாம்மா, பச்சையா கீது? கண்ணுக்கு நீலம் தெரியுதே."

கொஞ்சம் நீலத்தை ஏற்றினாள்.

"இன்னும் கொஞ்சம்."

ஏற்றினாள்.

"தோ, இங்க பாரு," என்று மேஜைமேல் இருந்த புடவையை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்லியே."

"நீங்க இப்டி புடிச்சா நீலம். கீழ எறக்குங்க, பச்சை. போட்டோ ஒரு பக்கம்தானேண்ணா பாக்கும்?"

"கம்ப்யூட்டருக்கு இது கூடவா முடியாது? ஒரு பட்டன்தானே."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பிரிஸில்லாவுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. மதியச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை. வெளியே பாஸ்போர்ட் படத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு புடவைக்கே முக்கால் மணி நேரம் போயிருந்தது. மவுஸைப் பிடித்து நீலத்தை ஒரே இழுப்பாகக் கடைசிவரை இழுத்தாள். ஆகாயத்திலும் இல்லாத, கடலிலும் இல்லாத, எந்தச் சாயக்காரரின் தொட்டியிலும் இதுவரை கொதிக்காத ஒரு நீலம் திரையில் வந்து நின்றது. அவரை வாயடைக்க வைக்கத்தான் அப்படிச் செய்தாள்.

"இது போதுமா?"

கமலக்கண்ணன் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஆங், இதான். இத்தத்தான் நான் அப்போலேர்ந்து சொல்லிகினு கீறேன்."

அவள் அப்படியே சேமித்தாள். அடுத்த புடவைக்குப் போனாள். சிடி விஜயவாடாவுக்குப் போயிற்று.

பொங்கல் கழிந்து ஆர்டர் வந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு, மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள் நாலு பேரும் ஒரே மாதிரி கட்ட நாலு புடவை. சிடியில் இருக்கும் அதே நீலம். கமலக்கண்ணன் பாஞ்சாலைக்கு அதே மயில்கழுத்தில் பாவு கொடுத்தார். அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து நெய்து, மடித்துக் கொண்டுவந்து தந்தாள். ஏப்ரலில் நாலும் திரும்பி வந்தன. நாங்கள் கேட்டது நீலம், நீங்கள் அனுப்பியது பச்சை என்று ஒரு சீட்டு கூடவே வந்தது.

கமலக்கண்ணன் வாசல் வெளிச்சத்தில் ஒரு புடவையைப் பிரித்தார். பச்சையாகத் தெரிந்தது. சிடியில் நீலமாக இருந்ததை அவர் தன் கண்ணால் பார்த்திருந்தார். ஆக, குறை எங்கே என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பாஞ்சாலையைக் கூப்பிட்டனுப்பி, நான் கொடுத்த ஊடை நூலை மாற்றிவிட்டாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நெசவு செய்கிறவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி அது; திருடினாயா என்று கேட்பதைப் போன்றது. இனி உனக்குப் பாவு கிடையாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். பிரிஸில்லா அப்போது ஒரு பள்ளிக்கூட வகுப்புப் படத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அறுபத்து மூன்று பிள்ளைகளில் ஒன்பது பேர் கண்ணை மூடியிருந்தார்கள். வேறு படங்களிலிருந்து ஒன்பது ஜோடிக் கண்களைத் தேடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மயில்கழுத்தைக் கொஞ்சம் போடும்மா" என்றார். போட்டாள். "பாரு. உன் போட்டோல இன்னா ஜோரா நீலமா கீது. அவ நெய்ஞ்சி குடுத்தது இத." கையிலிருந்த புடவையை மேஜைமேல் போட்டார். "நூலை மாத்திட்டா. இத்தினி வருஷம் நம்பி பாவு குடுத்துகினு இருந்தேன். பேஜாரா பூட்ச்சு."

பிரிஸில்லா புடவையைப் பார்த்தாள். அதே மயில்கழுத்துதான். டிசம்பரில் தன் மேஜைமேல் கிடந்த அதே நிறம். வாயைத் திறந்தாள். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கமலக்கண்ணன் அவர்களைப் பார்த்து, "போட்டோன்னா இந்தம்மாதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னால் இன்னொரு முக்கால் மணி நேரம் பேச வேண்டியிருக்கும். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பிலிப் வங்கியிலிருந்து வந்தபோது, செருப்பை ஏன் நடுவழியில் விட்டீர்கள் என்று ஆரம்பித்தாள். அவன் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டான். சொன்னாள்.

"அப்ப தப்பு யாருது?"

"கேமராவுது. அதுக்கு மயில்கழுத்து தெரியலைன்னா நான் இன்னா பண்றது?"

"கேமரா பச்சைன்னுதானே சொல்லிச்சு. நீலத்த இழுத்தது யாரு?"

அவன் ஓரமாக வைத்த செருப்பை எடுத்து இன்னும் ஓரமாக வைத்தாள். 

அடுத்த நாள் காலை அவள் ஷட்டரைத் தூக்கும்போதே பாஞ்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும், ஒல்லியான உடம்பு. சேவூரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். தறியில் மிஞ்சிய பாவு நூல் ஒரு கொத்து. பச்சை ஊடை நூல் சுற்றிய தார் ஒன்று.

"யக்கா, மொதலாளி குடுத்த நூலு இது. இதுல கொஞ்சம் மிஞ்சிகீது. உன் போட்டோல ஒரு நீலம் கீதாமே, அது இந்த ரெண்டுல எதுன்னு காட்டு. காட்டிட்டா நான் வந்த வழியே போயிடறேன்."

பிரிஸில்லா நூலைத் தொடவில்லை.  "ரெண்டுலயும் இல்ல. நான் போட்டது அது" என்றாள்.

"நீயா? எதுக்கு?"

"அவரு பின்னாடி நின்னுகினு கேட்டுகினே இருந்தாரு. தொல்லை தாங்கல. இழுத்து விட்டுட்டேன்."

பாஞ்சாலை நூலை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்தாள். "உனக்குத் தொல்லை தாங்கலைன்னு என் தறி நிக்குது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நேற்று என்ன கிழமை என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

பிரிஸில்லா ஷட்டரை மறுபடி இறக்கினாள். இரண்டு பேரும் கொசப்பாளையத்துக்கு நடந்தார்கள். 

கமலக்கண்ணன் கூடத்தில் உட்கார்ந்து காலைப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களையும் சேர்த்துப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். பிரிஸில்லா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நூல் மாறவில்லை, நெசவு மாறவில்லை, நிறத்தை இழுத்தது நான், நேற்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

"சும்மா இரும்மா. நான் கண்ணால பாத்தேன். இப்பவும் என்கிட்ட சிடி கீது" என்றார் அவர். மகள் லாவண்யா பிளஸ் டூ முடிக்கப்போகிறாள் என்று அந்த வருஷம் வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். லாவண்யாவைக் கூப்பிட்டு சிடியைப் போடச் சொன்னார்.

அந்தத் திரையில் மயில்கழுத்து ஊதா நிறத்தில் வந்தது. கத்தரிக்காய் ஊதா.

 கமலக்கண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "இன்னாடி இது? உடைச்சிட்டியா?" என்று மகளைக் கேட்டார்.

"ஒவ்வொரு மானிட்டர்ல ஒவ்வொரு மாதிரி தெரியும்பா" என்றாள் லாவண்யா.

"விஜயவாடாவுல?"

"அங்க எப்டி தெரிஞ்சிதோ, யாருக்குத் தெரியும்."

கமலக்கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப போட்டோ இன்னாத்துக்கு?"

"அத்தத்தான் நானும் ரெண்டு வருஷமா கேட்டுகினு கீறேன்" என்றாள் பிரிஸில்லா.

அவர் பாஞ்சாலையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவருக்குப் பழக்கம் இல்லை. கோபத்தை பிரிஸில்லாவின் பக்கம் திருப்பினார். "நான் ஆயிரம் கேப்பேன். எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்ச நீயில்லம்மா, வாணாம்னு சொல்லிருக்கணும்?" அது முழுக்க நியாயம் இல்லை, ஆனால் பாதிக்குமேல் நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. வாங்கிக்கொண்டாள்.

அதுவரை வாயே திறக்காத பாஞ்சாலைதான் வழி சொன்னாள். "மொதலாளி, சாயக்காரருகிட்ட நீலம் போட்டுக் குடுன்னு வாயால சொன்னா அவரு போடுவாரா? துண்டு நூல் குடுத்தாத்தானே போடுவாரு. கடைக்காரருக்கும் நூலக் குடுத்தனுப்பு."

கமலக்கண்ணனுக்கு அது சின்னத்தனமாகப் பட்டது. கம்ப்யூட்டர் காலத்தில் நூலைக் கட்டி அனுப்பினால் சிரிப்பார்கள் என்றார். ஆனாலும் நாலு புடவை கூடத்தில் கிடந்தது. அவருக்கு வேறு யோசனையும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை பிரிஸில்லா கேமராவோடு சேவூர் போனாள். பாஞ்சாலை வீட்டு வாசலில், வெயில் ஏறுவதற்குமுன், புடவையை இரண்டு விதமாக மடித்து இரண்டு படம் எடுத்தாள். ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை. கம்ப்யூட்டரில் எதையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டு, ஒரு அட்டையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கீழே துளை போட்டுப் பாவு நூலும் ஊடை நூலும் ஒரு விரல் நீளத்துக்குக் கட்டினாள். எல்லா இரட்டை நிறப் புடவைகளுக்கும் இப்படியே அட்டை செய்ய அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் முழுக்க அவள் வாய் ஓயவில்லை. ரோலை பஸ்ஸில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவளை நூல் முடிச்சுப் போட உட்காரவைத்துவிட்டது இந்த டிஜிட்டல் என்று, வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

விஜயவாடாக்காரர்கள் சிரிக்கவில்லை. நாலு புடவையில் இரண்டை எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டார் அதற்குள் வேறு எங்கோ வாங்கிவிட்டிருந்தார்கள். மூன்றாவது உள்ளூரிலேயே போயிற்று. நாலாவதைக் கமலக்கண்ணனின் மனைவி, கொஞ்சம் பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே எடுத்துப்போனார். அது திரும்பி வரவில்லை.

பாஞ்சாலையின் தறி மூன்று வாரம் சும்மா கிடந்தது. கமலக்கண்ணன் பாவு தருவதாக ஆள் அனுப்பினபோது, அவள் வேறொரு முதலாளியிடம் வாங்கியிருந்தாள். அவரே சேவூருக்கு வந்து கேட்டார். "இந்தப் பாவு முடியட்டும் மொதலாளி, அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். பாவு முடிந்தபின்னும் ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தாள். இதை பிரிஸில்லாவிடம் சொன்னது லாவண்யா. கேட்டு பிரிஸில்லாவுக்கு மனசு குளிர்ந்தது. ஆனாலும், தன்னால் நின்ற அந்த மூன்று வாரத்தை எதைச் சொல்லியும் அவளால் சரிக்கட்டிக்கொள்ள முடியவில்லை. ஸ்டுடியோவில் மேஜையைத் திருப்பி, நாற்காலியின் முதுகு சுவரில் இடிக்கும்படி போட்டுக்கொண்டாள். பின்னால் வந்து நிற்க யாருக்கும் இடம் கிடையாது. அப்படியும் சிலர் பக்கவாட்டில் கழுத்தை நீட்டுவார்கள். அவர்களிடம், "வெளிய ஒக்காருங்க, ஜல்தியா முடிச்சிட்டு கூப்பிடறேன்" என்பாள். முணுமுணுத்தபடியே போய் உட்காருவார்கள். யாருக்காகவும், எத்தனை முறை கேட்டாலும், நேரில் இல்லாத நிறத்தை இழுத்துக் கொடுப்பதில்லை என்று அதற்குப்பின் இருந்துவிட்டாள். இதனால் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். கறுத்த மாப்பிள்ளைகள் கறுப்பாகவே ஆல்பத்தில் நின்றார்கள்.

நூல் கட்டிய அட்டைகள் ஏழெட்டு வருஷம் ஓடின. பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. கமலக்கண்ணனின் வியாபாரத்தை இப்போது லாவண்யாதான் பார்க்கிறாள். கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கிறாள். பிரிஸில்லா எடுக்கிற படங்களைக் காலையில் போனில் அனுப்பினால், சாயங்காலத்துக்குள் புடவை போய்விடுகிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் லாவண்யா ஒரு வரி போடுகிறாள்: படத்தில் தெரியும் நிறத்துக்கும் நேரில் பார்க்கும் நிறத்துக்கும் சிறிது வித்தியாசம் இருக்கலாம்.

எழுபது வயதைத் தாண்டிய கமலக்கண்ணனுக்கு அந்த வரியின்மேல் அபார மரியாதை. "இந்த ஒரு வரிய நீ அன்னிக்கே சிடில எழுதியிருந்தா போதும். நமக்கு இவ்ளோ ரோதனையே இல்ல" என்று பிரிஸில்லாவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாண்ணா" என்கிறாள். முன்பெல்லாம் பதில் சொல்வாள். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, சண்டைபோட்டுப் பயனில்லை.

பிலிப் ஓய்வு பெற்றாகிவிட்டது. மழைக்காலத்தில் ஒருநாள், பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போய்விட்டன, நீயும் கடையை விட்டுவிடலாமே, முழங்கால் வலி என்கிறாயே என்று மெதுவாக எடுத்துச் சொன்னான். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"விட்டுடலாங்க. நம்ம சர்ச்சு கிருபாகரன் வீட்டு ஞானஸ்நான ஆல்பம் ஒண்ணு பாக்கி கீது. ரெண்டாயிரத்தி நானூறு படம். அதுல நூறு பொறுக்கி எடுத்துச் சொல்லுங்கன்னு அனுப்பி அஞ்சு மாசம் ஆவுது. கேட்டா, பாத்துகினே கீறோங்கறாங்க. அது முடியட்டும், விட்டுடலாம்."

"எப்ப முடியும்?"

"அவங்க எடுத்துச் சொல்றதுக்குள்ள அந்தக் கொழந்தையே வளந்து வந்து எடுத்துச் சொல்லிடும்" என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டாள்.